பூட்டுச் சிலிண்டர்: காப்புரிமை மேல்முறையீட்டில் இரண்டு வடிவமைப்புகளை ஒப்பிடும் முறை

ஓசூர்ப் பக்கத்துக் கடைசல் பட்டறை ஒன்றில் உருவான பூட்டுச் சிலிண்டருக்குக் காப்புரிமை கேட்டு, கிண்டியிலுள்ள அலுவலகம் அதை மறுத்துவிட்டால், காப்புரிமைச் சட்டத்தின் 117ஏ பிரிவின்படி மூன்று மாதங்களுக்குள் சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். முன்பு இவற்றைக் கேட்ட மேல்முறையீட்டு வாரியம் 2021-ல் கலைக்கப்பட்டுவிட்டது.

மறுப்புக்குக் காரணமாக அலுவலகம் காட்டிய முந்தைய ஆவணத்தின் வடிவமைப்போடு உங்கள் சிலிண்டரை ஒப்பிடும்போது, படத்திலிருந்து தொடங்கக் கூடாது. உங்கள் சிலிண்டர் பார்வைக்கு எவ்வளவு வேறுபட்டிருந்தாலும், எழுத்தில் கோரப்பட்டது எதுவோ அதுவே எல்லை. ஆகவே முதல் கோரிக்கையை, அதாவது எதற்கு உரிமை கேட்கிறீர்கள் என்று சொல்லும் வாசகத்தை, சொற்றொடர் சொற்றொடராகப் பிரித்து, ஒவ்வொன்றும் முந்தைய ஆவணத்தில் எந்தப் பத்தியில் இருக்கிறது, எங்கே இல்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பாகத்தின் பெயரை விட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். எடுத்துக்காட்டாக, 1860-களில் லைனஸ் யேல் உருவாக்கிய, ‘பின்’ எனப்படும் சிறு உலோகக் குச்சிகள் கொண்ட சிலிண்டரில், ஸ்பிரிங் அழுத்தும் மேல் பின்கள், சுழலும் உள் உருளைக்கும் அசையாத வெளிக்கூட்டுக்கும் குறுக்கே நின்று சுழற்சியைத் தடுக்கின்றன. சரியான சாவி நுழைந்ததும், மேல் பின்னும் கீழ்ப் பின்னும் சந்திக்கும் இடங்கள் எல்லாம் இரண்டு உருளைகளின் எல்லையில் ஒரே கோட்டில் வந்து நிற்பதால் உள் உருளை திரும்புகிறது. பின்லாந்தில் 1907-ல் தோன்றிய ஆப்லாய் வகையிலோ பின்னும் இல்லை, பின்னைத் தள்ளும் ஸ்பிரிங்கும் இல்லை. சாவி திருப்பும் வட்டுகளின் வெட்டுகள் ஒன்றுசேரும்போது பக்கவாட்டுத் தண்டு அவற்றுக்குள் விழுந்து வழிவிடுகிறது. சாவி இல்லாதபோது, தவறான சாவியில், சரியான சாவியில் என மூன்று நிலைகளிலும் எது எதைத் தடுக்கிறது என்று இரு வடிவமைப்புகளுக்கும் எழுதிப் பார்த்தால், பெயர் ஒற்றுமை ஏற்படுத்திய மயக்கம் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

உங்கள் சிலிண்டரில் பின்களும் பக்கத் தண்டும் சேர்ந்தே இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். தெரிந்த கருவிகள் தனித்தனியே தெரிந்த விதத்தில் இயங்கும் வெறும் சேர்க்கை என்றால், அதற்குக் காப்புரிமை தர மறுக்கும் அதே சட்டத்தின் 3(எஃப்) பிரிவு குறுக்கே நிற்கும். பின்கள் உயர்ந்து, திரும்பிய பிறகே தண்டு விலகும் என்றால், அவை ஒன்றையொன்று சார்ந்தவை என்று வாதிடலாம். ஆனால் தூக்கித் திருப்பும் பின்கள் அரை நூற்றாண்டாகவே சந்தையில் உள்ளன. அதையே புதுமை என்று சொன்னால் வழக்கு நிற்காது, அதற்கு மேல் நீங்கள் சேர்த்தது என்ன என்பதையே காட்ட வேண்டும்.

1978-ல் உச்ச நீதிமன்றம் முடித்த பிஸ்வநாத் பிரசாத் வழக்கை இங்கே படிக்கலாம். பாத்திரத்தைக் கடைசலுக்குப் பிடித்து நிறுத்தும் சாதனம் பற்றிய அந்த வழக்கில், பட்டறை அளவிலான மேம்பாடு மட்டும் போதாது என்று நீதிமன்றம் கூறியது. லேத் ஓட்டுபவருக்கு இது கசப்பான வாசகம்தான். எனவே “பாதுகாப்பு கூடுகிறது” என்று பொதுவாக எழுதாமல், கள்ளச்சாவி எந்த நிலையில், எந்தப் பாகத்தில் மோதி நிற்கிறது என்பதை விண்ணப்பத்தோடு நீங்கள் கொடுத்த விவரக்குறிப்பின் வரிகளைக் கொண்டே விளக்குங்கள். அங்கே எழுதாத பயனை மேல்முறையீட்டில் புதிதாகச் சேர்ப்பது கடினம். 59-ஆம் பிரிவின்படி கோரிக்கையைத் திருத்தினாலும் அதைக் குறுக்கலாமே தவிர விரிக்க முடியாது.

நீதிமன்றத்தில் தரும் படத்தில் இரண்டு சிலிண்டர்களையும் ஒரே திசையில் வெட்டிக் காட்டுங்கள். ஒரே வேலையைச் செய்யும் பாகங்களுக்கு இரண்டிலும் ஒரே நிறம் கொடுங்கள், இணை இல்லாத பாகத்தை நிறமின்றி விட்டுவிடுங்கள்.