பரணிலிருந்து இறக்கியதும் பிளக்கில் சொருகாதீர்கள்

கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் பக்கம் பழைய வீட்டுப் பரணைக் காலி செய்தால், எண்பதுகளின் கம்ப்யூட்டர் ஒன்று இறங்குவது உண்டு. வளைகுடாவிலிருந்து டேப்ரெக்கார்டரோடு வந்த சக்ர் எம்.எஸ்.எக்ஸ்., யாரோ வாங்கிவந்த ஸ்பெக்ட்ரம், கொமடோர் 64. இன்னொரு வழி பள்ளிக்கூடம். 1984இல் தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்குப் போன இயந்திரம் பிபிசி மைக்ரோ. அதே 1984இல் அதற்காக வெளிவந்த ‘எலீட்’ போன்ற கேமை அசல் இயந்திரத்திலேயே ஆடிப் பார்க்கும் ஆசையோடு, பழைய கம்ப்யூட்டர்களை ஓட்டும் இந்தப் பொழுதுபோக்குக்குப் புதியவர்கள் வருகிறார்கள். நாங்கள் தொடக்கத்தில் செய்த அதே தவறுகளைத் திரும்பச் செய்கிறார்கள். டிவியில் சேனல் பிடிக்காதது, ஜாய்ஸ்டிக்கை வேறு போர்ட்டில் சொருகியது எல்லாம் தானாகப் பிடிபட்டுவிடும், அவற்றை விட்டுவிடலாம்.

“ஓடுதான்னு பார்ப்போம்”

இந்த ஒரு தவறு இன்றைக்கும் எரிச்சல் மூட்டுகிறது. காரணம், இதில் போவது கடையில் கிடைக்காத சிப்பு. முப்பது வருடம் பரணில் கிடந்த பெட்டியை இறக்குகிறார்கள், துண்டால் தூசியைத் தட்டுகிறார்கள், கையோடு சுவரில் சொருகி சுவிட்சைப் போடுகிறார்கள். ஒரு நாள் பொறுத்திருந்தால் பிழைத்திருக்கும்.

நம் கரையில் இது இரட்டிப்பு ஆபத்து. ஆடி மாதக் கச்சான் காற்று ஜன்னல் வழியே கொண்டுவரும் உப்பு, பெட்டிக்குள் போர்டின் மேலும் மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஈர உப்பு மின்சாரத்தைக் கடத்தும். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் போர்டிலும் கால்களுக்கு நடுவே கசிவு ஓடலாம். ஆகவே முதலில் மூடியைக் கழற்றுங்கள். பச்சை படிந்த இடம், உப்பிய கப்பாசிட்டர், சிப்பின் கால்களில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். காய்ந்த பிரஷ்ஷால் தூசியை எடுத்து, 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய பிரஷ்ஷால் அழுக்கைத் துடையுங்கள். ஆல்கஹாலில் உப்பு சரியாகக் கரையாது. படலம் கனமாக இருந்தால் போர்டைத் தனியே கழற்றி டிஸ்டில்டு வாட்டரில் அலசி, ஆல்கஹாலால் ஈரத்தை விரட்டி, ஃபேன் காற்றில் ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும். மருந்துக்கடை ஸ்பிரிட்டும் சானிடைசரும் உதவாது. ஒன்றில் தண்ணீர் இருக்கும், மற்றதில் பெரும்பாலும் கிளிசரின் இருக்கும்.

அடுத்தது மின்சாரம். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் சாவு வரும் வழி வேறு.

பிபிசி மைக்ரோவின் பவர் சப்ளையைத் திறந்தால், மெயின்ஸ் வரும் இடத்தில் தேன் நிறத்தில், உள்ளே இருப்பது தெரிகிற கட்டை போன்ற, ரிஃபா என்ற பிராண்டின் கப்பாசிட்டர்கள் இருக்கும். அவற்றின் உள்ளே காகிதம். வெளிக்கூட்டில் வருடக்கணக்கில் மயிரிழை விரிசல் விழ, அதன் வழியே ஈரம் காகிதத்துக்கு இறங்கும். சுவிட்சைப் போட்டதும் ஒன்றும் ஆகாது. கேம் ஏறும், எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். சில நிமிடங்களோ அரை மணி நேரமோ கழித்து வெடித்து, கூடம் நிறைய நாற்றமடிக்கும் புகை. பெரும்பாலும் கம்ப்யூட்டர் தப்பிவிடும். ஆனாலும் அதே மைக்ரோஃபாரட் மதிப்பில், எக்ஸ்2 என்ற பாதுகாப்பு முத்திரையும் 275 வோல்ட் ஏ.சி. தாங்குதிறனும் உள்ள பாலிபுரோப்பிலீன் கப்பாசிட்டர்களாக முதலிலேயே மாற்றிவிடுவது மலிவு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும். அதை மீட்டரால் அளந்து, இறங்கிவிட்டதை உறுதிசெய்யாமல் கை வைக்காதீர்கள்.

கொமடோர் 64 அப்படித் தப்பாது. அதன் பவர் சப்ளை பிசின் ஊற்றி அடைத்த கனத்த கட்டி. சூடு வெளியேற வழியில்லை. உள்ளிருக்கும் 5 வோல்ட் ரெகுலேட்டர் கெடும்போது வோல்ட்டேஜ் இறங்காது, ஏறும். ஏறியதும் முதலில் ராம் சிப்புகள் போகும். சிட் ஒலிச் சிப்பும் சேர்ந்து போனால் அசல் சிப்பு புதிதாகக் கிடைக்காது. அதன் தயாரிப்பு நின்று பல வருடம் ஆகிறது. கட்டியைக் கம்ப்யூட்டரில் சொருகாமலே சோதிக்கலாம். ஏழு முள் பிளக்கில் 5ஆம் முள்ளுக்கும் 2ஆம் முள்ளுக்கும் நடுவே 5 வோல்ட் டி.சி., 6க்கும் 7க்கும் நடுவே சுமார் 9 வோல்ட் ஏ.சி. வர வேண்டும். வெறுமனே அளந்து “சரியாக இருக்கு” என்று சொல்லி நிறுத்திவிடுவதும் தவறுதான். 5 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை 5 வோல்ட் பக்கம் சுமையாக இணைத்து, கட்டி சூடேறும்வரை அரை மணி நேரம் ஓடவிட்டு மறுபடி அளவுங்கள். 5.2ஐத் தாண்டினால் அந்தக் கட்டியின் ஆயுள் முடிந்தது. புதிய சப்ளை வாங்குங்கள். பழையதன் வயரை வெட்டிவிட்டுத் தூக்கிப் போடுங்கள், இல்லையென்றால் வீட்டில் யாராவது மறுபடி சொருகுவார்கள்.

ஸ்பெக்ட்ரமுக்கு 9 வோல்ட் டி.சி., ஆனால் நடுமுனை மைனஸ். இன்று கடையில் கிடைக்கும் அடாப்டர்களில் அநேகமாக நடுமுனை பிளஸ். இரண்டும் துளையில் ஒன்றுபோலவே பொருந்தும். தலைகீழாகச் சொருகினால் 12 வோல்ட்டையும் மைனஸ் 5 வோல்ட்டையும் உண்டாக்கும் சுற்று கெட்டு, அதை நம்பியிருக்கும் கீழ் 16 கே ராமின் எட்டு சிப்புகளையும் இழுத்துக்கொண்டு போகலாம்.

வளைகுடாப் பெட்டிகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சவூதியில் முன்பு 127 வோல்ட் இருந்தது. அடியிலுள்ள முத்திரையில் 110 அல்லது 127 என்று இருந்தால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் 230இல் சொருகக் கூடாது.

பூஞ்சை பிடித்த ஃபிளாப்பியை டிரைவில் தள்ளுவது

மண்டபம், பாம்பன் வீடுகளில் கிடந்த டிஸ்க்குகளில் பாதிக்கு மேல் பூஞ்சை இருக்கும் என்று வைத்துக்கொண்டே தொடங்குங்கள். ஐந்தேகால் அங்குலம் என்றால் நடுத்துளையில் விரல் வைத்து மெல்லச் சுற்றுங்கள். மூன்றரை என்றால் தகட்டை ஒதுக்கிப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகளோ வளையமோ தெரிந்தால் டிரைவுக்குள் போகக் கூடாது. அந்தத் துகள் காந்தப் பூச்சைச் சுரண்டும், ஹெட்டில் ஒட்டும், அடுத்து போடுகிற நல்ல டிஸ்க்கையும் கெடுக்கும். ஐந்தேகால் அங்குல உறையின் மேல்விளிம்பை வெட்டி, வட்டத்தை எடுத்து, நூல் உதிராத துணியில் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துக் காயவைத்து, உதவாத வேறொரு டிஸ்க்கின் சுத்தமான உறையில் போடுங்கள். போட்டதும் முதல் ஓட்டத்திலேயே பிரதி எடுத்துவிட வேண்டும். கிறீச்சென்று சத்தம் கேட்டால் அந்த நொடியே வெளியே எடுங்கள்.

படிக்கும் முன் எழுத்துத்தடை: ஐந்தேகாலில் வெட்டுவாயை ஸ்டிக்கரால் மூடுங்கள், மூன்றரையில் துளை திறந்திருக்க வேண்டும். கொமடோரின் இன்னொரு கம்ப்யூட்டரான அமிகாவின் 880 கே டிஸ்க்கைச் சாதாரண பிசியின் ஃபிளாப்பி கண்ட்ரோலர் படிக்காது, கிரீஸ்வீசல் போன்ற கருவி தேவை. பிரதியாகக் கிடைக்கும் கோப்பின் அளவையும் பாருங்கள்: வழக்கமான அமிகா ஏ.டி.எஃப். கோப்பு 9,01,120 பைட், கொமடோர் 64இன் டி64 கோப்பு 1,74,848 பைட். குறைந்தால் முழுதாக வரவில்லை.

1.2 எம்பி டிரைவில் 360 கே டிஸ்க்கில் எழுதுவது

படிக்கலாம். எழுதாதீர்கள். தடம் பாதி அகலமே விழும். பழைய டிரைவ் அதைப் படிக்கத் திணறும்.

கேசட்டை எம்பி3 ஆக்குவது

எம்பி3 காதுக்குக் கேட்காததைக் கழித்துவிடும். ஸ்பெக்ட்ரம் காதால் கேட்பதில்லை. அலை ஏறி இறங்கும் நேரத்தை அளக்கிறது. 44,100 ஹெர்ட்ஸ், மோனோ, டபிள்யூ.ஏ.வி. போதும். பதிவுக்கு முன் ஹெட்டின் பக்கத்து ஸ்குரூவைச் சிறிது சிறிதாகத் திருப்பி, தொடக்கத்து நீண்ட பீப் ஒலி மிகக் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். திருப்புமுன் பழைய நிலையை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள்.

பீப்பாய் பேட்டரியை விட்டுவைப்பது

386, 486 போர்டுகளிலும் அமிகா 500 பிளஸ்ஸிலும் இருக்கும் 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி கசியும். இன்றே வெட்டியெடுங்கள். கசிவு காரம் என்பதால் வெள்ளை வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டு முறித்து, டிஸ்டில்டு வாட்டரால் கழுவிவிடுங்கள். அந்த இடத்தில் பட்டன் செல் வைப்பதாக இருந்தால் நடுவே டயோடு அவசியம்; அது ரீசார்ஜ் ஆகிற செல் அல்ல.

டபிள்யூ.டி.-40 அடிப்பது

வேண்டாம்.

அட்டைப்பெட்டியை எறிந்துவிடுவது

திருட்டுப் பிரதியைத் தடுக்கப் பழைய கேம்களில் வைத்த பூட்டுக்குச் சாவி பெட்டிக்குள்தான் இருந்தது. ஸ்பெக்ட்ரம் ‘எலீட்’ லென்ஸ்லாக் என்ற பிளாஸ்டிக் வில்லை வழியே திரையைப் பார்த்து எழுத்தைச் சொல்லச் சொல்லும். ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ கையேட்டின் பக்கம், வரி, சொல் என்று கேட்கும். கரையான் அரித்திருந்தாலும் தாளை ஸ்கேன் செய்த பிறகே தூக்கிப் போடுங்கள்.

மறுபடி பரணிலேயே வைப்பது

ஓட்டுக்கூரைக்கு அடியில் சூடு, மழைக்காலத்தில் ஈரம். ரப்பர் விளிம்புள்ள பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல்லோடு, தரைத்தளத்து அலமாரியில் வையுங்கள். அரிசியோ கல் உப்போ போடாதீர்கள். நீல மணி இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். ஐப்பசி மழை தொடங்குமுன் ஒரு தடவை, தை பிறந்ததும் ஒரு தடவை திறந்து பார்த்து மாற்றுங்கள்.