அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தேர்தல் தீர்ப்பை வாசிக்கும் முறை

தீர்ப்பைத் திறந்ததும் முதலில் வருவது நீதிமன்ற அலுவலர் தயாரித்த சுருக்கமே. அதை மேற்கோள் காட்டாமல், எழுதிய நீதிபதியின் பெயருடன் தொடங்கும் பகுதிக்குச் செல்லுங்கள். அடுத்து, வழக்கு அரசமைப்பின் எந்தப் பிரிவைச் சார்ந்தது என்று பாருங்கள்: அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கான தேர்தல்களின் நேரம், இடம், முறை ஆகியவற்றை மாநிலச் சட்டமன்றம் வகுக்கும், காங்கிரஸ் அவற்றை மாற்றலாம் என்பது முதல் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு.

‘சட்டமன்றம்’ என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான், மாநில நீதிமன்றங்கள் இதில் தலையிட முடியாது என்று வட கரோலினா சட்டமன்றத் தலைவர்கள் வாதிட்டார்கள். 2023-இல் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதிய 6–3 தீர்ப்பு அதை ஏற்கவில்லை. ஆயினும், மாநில நீதிமன்றங்கள் நீதி மறுஆய்வின் (சட்டம் அரசமைப்புக்கு உட்பட்டதா என்று நீதிமன்றம் பார்ப்பதன்) வழக்கமான எல்லையை மீறக்கூடாது என்றும் அதே தீர்ப்பு சொல்வதால், செய்தித் தலைப்போடு நின்றுவிடாதீர்கள். அடுத்த வழக்குகள் அந்த வரியிலிருந்துதான் பிறக்கும் என்பது என் கருத்து. பெரும்பான்மையோடு உடன்படாத நீதிபதிகள் எழுதும் மாறுபட்ட தீர்ப்பையும் தவறாமல் படியுங்கள்.