எட்டு கஜ 'டாங்க்': கில்ட் செல்லப்பெயர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும், பின்புறம் மடிப்பு வைத்த பாவாடை போன்ற உடைதான் கில்ட். அதை அணிபவர்கள் 'டாங்க்' என்று சொன்னால், கனத்த 16 அவுன்ஸ் கம்பளித் துணியில் 8 கஜம் வைத்துத் தைத்த கில்ட் என்று பொருள். இந்தப் பெயருக்குள் இரண்டு அளவுகள் ஒளிந்திருக்கின்றன: துணியின் கனம் ஒன்று, நீளம் மற்றொன்று. பலரும் 'எட்டு கஜம்' என்பதை மட்டும் கேட்டுவிட்டு டாங்க் வாங்கியதாக நினைத்துக்கொள்கிறார்கள். 11 அவுன்ஸ் துணியிலும் 8 கஜக் கில்ட் தைக்கலாம். அதை டாங்க் என்று அழைப்பது பெயருக்கே இழுக்கு.

அவுன்ஸ் கணக்கில்தான் குழப்பம் அதிகம். 16 அவுன்ஸ் என்பது கில்டின் எடை அல்ல, இரட்டை அகலத் துணியில் ஒரு கஜத்தின் எடை. இடுப்பிலிருந்து முழங்கால் வரை மறைக்க அதில் பாதி அகலமே போதும். எனவே 4 கஜம் வாங்கி, நீளவாக்கில் இரண்டாகப் பிரித்து இணைத்தால் 8 கஜம் கிடைத்துவிடும். எடை 64 அவுன்ஸ், கிட்டத்தட்ட 1.8 கிலோ. ஒன்பது கஜப் புடவையில் வாங்கும் நீளமே கட்டும் நீளம். அந்தப் பழக்கத்தில் இரட்டை அகலத் துணியை 8 கஜம் எடுத்தால் பாதிப் பணம் வீண்.

எட்டு என்பது புனித எண்ணும் அல்ல. டார்ட்டன் எனப்படும் பலவண்ணக் கட்டம் துணியில் எவ்வளவு இடைவெளியில் திரும்ப வருகிறது, உடுத்துபவரின் இடுப்புச் சுற்று எவ்வளவு என்பதைப் பொறுத்து நல்ல தையற்காரர் ஏழும் வைப்பார், ஒன்பதும் வைப்பார்.

நாலு கஜக் கில்ட் என்றதும் 'மலிவான சரக்கு' என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. பாலியஸ்டர் விஸ்கோஸ் என்ற கலப்புத் துணியில் வரும் சாதாரணக் கில்டுக்கு நாலைந்து கஜம்தான் என்பது உண்மை. ஆனால் 1790களில் மடிப்புகளைத் தைத்து நிலைநிறுத்திய ஆரம்பகாலக் கில்ட்களும் ஏறத்தாழ நாலு கஜம்தான், இருபுறமும் உள்ளே மடித்த அகன்ற 'பாக்ஸ்' மடிப்புகளோடு. அடுக்கடுக்கான கொசுவமும் எட்டு கஜமும் பிறகு வந்தவை. மரபு என்று பார்த்தால் நாலு கஜத்துக்கே வயது அதிகம்.

வெயிலுக்குப் பயந்து 10 அவுன்ஸ் துணிக்கு ஓடுவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். மெல்லிய துணியில் மடிப்பின் முனை விரைவில் மழுங்கும்; காற்றடித்தால் பின்பக்கம் தூக்கும். கனத்தைக் குறைப்பதைவிடக் கஜத்தைக் குறைப்பது மேல். பின்புறம் அடுக்குகள் குறைந்தாலே புழுக்கம் தணியும்.

'ரெஜிமென்டல்' என்ற சொல்லில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். கடையில் அது 18 அவுன்ஸும் அதற்கு மேலும் உள்ள ராணுவத் தரத் துணியைக் குறிக்கலாம். விருந்தில் ஒருவர் 'நீங்கள் ரெஜிமென்டலா?' என்று கேட்டால், உள்ளாடை அணியாமல் வந்திருக்கிறீர்களா என்று விசாரிக்கிறார். துணி விவரத்தைச் சொல்லத் தொடங்கிவிடாதீர்கள்.