முழுப் பக்க விளம்பரம்: மடிப்பிலிருந்து தொடங்குங்கள்

டீக்கடை பெஞ்சில் யாரும் பேப்பரை முழுசாக விரித்துப் படிப்பதில்லை. ஒருவர் நடுத்தாளை உருவிக்கொள்வார், இன்னொருவர் பாதியாக மடித்துத் தொடையில் வைத்துக்கொள்வார். முழுப் பக்கத்தை முழுப் பக்கமாகப் பார்ப்பவர், அதற்குக் காசு கொடுத்த கடைக்காரர் மட்டும்தான். சரி, ஒரு ஜவுளிக்கடையின் தீபாவளி விளம்பரத்தையே செய்து பார்ப்போம்.

1. அளவு

பெரிய நாளிதழ்களில் அச்சுப் பரப்பு சுமார் 33 செ.மீ. அகலம், 52 செ.மீ. உயரம். இதழுக்கு இதழ் கொஞ்சம் மாறும்; விளம்பரப் பிரிவில் கேட்டுவிட்டு ஃபைலைத் திறங்கள். ஏ3-ல் செய்துவிட்டுப் பெரிதாக்கலாம் என்றால் விகிதம் ஒத்துவராது.

2. மடிப்பு

சுமார் 26-வது செ.மீட்டரில் குறுக்கே ஒரு கைடு கோடு (அச்சில் வராத வழிகாட்டிக் கோடு) போடுங்கள். அந்தக் கோடு முகம், விலை, போன் எண் எதையும் வெட்டிக்கொண்டு போகக்கூடாது. என் முதல் விளம்பரத்தில் பட்டுச்சேலை கட்டிய பெண்ணின் கண் சரியாக அங்கே விழுந்தது. ஸ்கிரீனில் மடிப்பு தெரியாதே! கடைப்பெயரும் தள்ளுபடியும் மேல்பாதியிலேயே முடிந்துவிட வேண்டும். கிளை முகவரிகள் கீழே போகட்டும்.

3. கண் போகும் வழி

இதை நான் படித்துக்கொண்டது காமிக்ஸில். அமெரிக்கக் கார்ட்டூனிஸ்ட் வின்சர் மெக்கே 1905-ல் 'நியூயார்க் ஹெரால்டு' இதழில் 'லிட்டில் நீமோ'வை ஞாயிறுதோறும் முழுப் பக்கத்தில் வரையத் தொடங்கினார். 1908-ல் வந்த ஒரு பக்கத்தில், கதையின் நாயகனான சிறுவன் நீமோவின் கட்டிலுக்குக் கால் நீண்டுகொண்டே போகும். கூடவே கட்டங்களும் உயரமாகும். பார்க்கிற கண் தானாகக் கீழே இறங்கும். ஆறு சேலைகளை ஆறு சமக் கட்டங்களில் அடைத்தால் அது விலைப்பட்டியல். ஒன்றை மட்டும் நெடுக நிறுத்திவிட்டு, மற்ற ஐந்தையும் ஓரமாகச் சிறிதாக வையுங்கள்.

4. எழுத்து

பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் யூனிகோடு தமிழ் என்றால், எழுத்தை வரியாகக் கோக்கும் 'வேர்ல்டு-ரெடி' கம்போசரைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். மறந்தால் 'சேலை'யின் கொம்பு ச-வுக்குப் பின்னால் போய் நிற்கும். பத்தியின் இரு ஓரத்தையும் இழுத்துச் சமப்படுத்தாதீர்கள். தமிழில் சொற்கள் நீளம். குறுகிய பத்தியில் நடுவே ஓட்டை ஓட்டையாக விழும். இடது ஓரம் மட்டும் நேராக இருந்தால் போதும்.

5. மை

பேப்பர் தாள் மையை உறிஞ்சும், படம் இருண்டுபோகும். அதனால் படத்தைக் கொஞ்சம் வெளிறியே கொடுங்கள். வண்ணம் சிஎம்ஒய்கே (நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு அச்சு மைகள்), படத்தின் துல்லியம் 200 டிபிஐ (அங்குலத்துக்கு 200 புள்ளி), ஒரே இடத்தில் விழும் நான்கு மைகளின் சதவீதத்தையும் கூட்டினால் 240-க்குள். பொடி எழுத்துக்குத் தனிக் கறுப்பு மட்டும். நான்கு வண்ணம் கலந்த பின்னணியில் வெள்ளைப் பொடி எழுத்து வைத்தால், வண்ணம் ஒரு முடி விலகினாலும் எழுத்து அடைத்துக்கொள்ளும்.

6. ஒத்திகை

இரண்டு ஏ3 தாள்களைக் கிடைமட்டமாக மேலும் கீழும் ஒட்டி, அசல் அளவில் பிரிண்ட் எடுங்கள். பாதியாக மடித்து, வீட்டில் காய் நறுக்குகிறவர் பக்கத்தில் சும்மா போட்டுவையுங்கள். பத்து நிமிடம் கழித்து எடுத்து ஒளித்துவிட்டு, எந்தக் கடை விளம்பரம் என்று கேளுங்கள். முழித்தால், இரண்டாவது படிக்குத் திரும்புங்கள்.