ஊட்டிக்குப் போகிறீர்களா? பாலங்களைக் கோட்டை விடாதீர்கள்

வருஷத்துக்கு ஏழெட்டுத் தடவை சின்னச் சின்னக் குழுக்களை ஊட்டிக்குக் கூட்டிப் போகிறேன். போன தடவை மலை ரயிலில் போகும்போது, பாதி வழியில் குன்னூர் பிளாட்பாரத்தில், இந்த வேலைக்குப் புதிதாக வந்த ஒரு தம்பி தன் குழுவிடம், "இனிமேதான் பாலமெல்லாம் வரும், கேமராவை ரெடியா வெச்சுக்கங்க" என்றார். உயரமான பாலங்களெல்லாம் அதற்குள் தாண்டிப் போயிருந்தன. ஆரம்பத்தில் நானும் அப்படியே சொன்னவன்தான். ஸ்வெட்டர் எடுத்துவையுங்கள் என்று உங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஊட்டிக்கு வருகிறவர்கள் செய்கிற இந்தத் தப்புகளைச் சொல்லியே ஆக வேண்டும்.

மேல்பாதிக்கு மட்டும் டிக்கெட் வாங்குவது

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கி.மீ. மலை ரயில் பாதை. 250 பாலங்கள், 16 குகைகள், 208 வளைவுகள். இதைப் படித்து ஆசைப்பட்டு வருகிறவர்கள், சுலபமாகக் கிடைக்கிறதே என்று குன்னூர்–ஊட்டி டிக்கெட்டை வாங்கிவிடுகிறார்கள். உயரமான பாலங்களும் பெரும்பாலான குகைகளும் இருப்பது மேட்டுப்பாளையத்தை அடுத்த கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில். அங்கே 12 அடிக்கு 1 அடி ஏற்றம். தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை ஓடும். நீராவி இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். குன்னூருக்கு மேலே பல் பட்டை கிடையாது, டீசல் இன்ஜின்தான். கேத்தி பள்ளத்தாக்கு அழகுதான், ஆனால் நீங்கள் தேடி வந்தது அதுவல்ல.

என் முதல் குழுவில் ஒரு வயதான அம்மா ஜன்னலை விட்டு நகரவேயில்லை. லவ்டேல் தாண்டியதும், "தம்பி, பாலம் எப்ப வரும்?" என்று கேட்டார். அடுத்தது ஊட்டி ஸ்டேஷன். மறுநாளுக்கு டிக்கெட் இல்லை. பாலத்தைப் பார்க்காமலே வேனில் இறங்கிப் போனார். எந்தப் பாதி என்று சொல்லாமல் 'மலை ரயில் பயணம்' என்று விற்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

மேட்டுப்பாளையத்தில் காலையில் கிளம்பும் ரயிலுக்கு முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். ஏறுவதற்குச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், ஆகட்டும். கிடைக்கவில்லையா, ஊட்டியிலிருந்து மத்தியானம் மேட்டுப்பாளையம் வரை இறங்கும் ரயிலைப் பாருங்கள். ஏறும்போது இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும்; வளைவுகளில் திரும்பிப் பார்த்தால்தான் புகை தெரியும். வழியில் ஹில்குரோவ் ஸ்டேஷனில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிப்பார்கள். சூடான இரும்பில் சொட்டு விழுந்து 'சுர்'ரென்று ஆவியாவதைக் கிட்டே நின்று கேட்கலாம்.

மழை மாதத்தில் ரயிலை மட்டும் நம்பி வருவது

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண் சரிந்தால் ரயில் ரத்து. பஸ்ஸுக்கும் மனதில் இடம் வையுங்கள்.

தொட்டபெட்டாவுக்கு மத்தியானம் போவது

2,637 மீட்டர் உயரமான சிகரம். மேகம் மூடிவிடும். காலையில் போங்கள்.

சர்ச்சின் வாசலோடு திரும்பிவிடுவது

ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச்சின் மஞ்சள் சுவர் முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள். 1831-இல் வழிபாட்டுக்குத் திறந்த கட்டடம். உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள். கூரையைத் தாங்கும் தேக்கு உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்தவை. ரயில் வராத காலத்தில் இந்த மலை மேலே ஏறி வந்த மரங்கள் அவை.