ஜன்னல் மாற்றும்போது அளவில் சறுக்கும் இடங்கள்

மர ஜன்னல் காலத்தில் அளவு கொஞ்சம் தப்பினாலும் கவலை இல்லை. மழையில் கதவு உப்பி இறுக்கினால் ஆசாரி வந்து நாலு இழை இழைத்துவிட்டுப் போவார். யூபிவிசி என்னும் கெட்டி பிளாஸ்டிக் ஜன்னலில் அந்தச் சலுகை கிடையாது. அதன் மூலைகள் நான்கும் சூட்டில் உருக்கி ஒட்டப்பட்டவை. டஃபன்டு கண்ணாடியோ (சூடாக்கி உறுதியாக்கியது) தயாரான பிறகு வெட்டப் போனால் பொடிப்பொடியாகச் சிதறிவிடும். ஜன்னல் பத்து மில்லிமீட்டர் பெரிதாக வந்து இறங்கினால், சுவரைக் கொத்த வேண்டும் அல்லது புதிதாக இன்னொன்று செய்ய வேண்டும். உங்கள் வீட்டு அளவுக்குச் செய்ததைக் கடைக்காரர் திரும்ப வாங்கி வேறு யாருக்கு விற்பார்?

நிறையப் பேர் பழைய ஜன்னல் கதவை அளந்து அந்த எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். அளக்க வேண்டியது கதவை அல்ல, சுவரில் உள்ள திறப்பை. அதையும் ஒரே இடத்தில் அளந்தால் போதாது. எங்கள் பழைய வீட்டில் ‘நாலடி ஜன்னல்’ என்று எல்லோரும் சொல்லிவந்த ஒன்றை அளந்தேன். மேலே 1216 மில்லிமீட்டர், நடுவில் 1209, கீழே 1221. கொத்தனார் பூசிய கை நடுவில் சற்று தடித்திருந்தது, அவ்வளவுதான். இந்த மூன்றில் சிறியதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். உயரத்தையும் இப்படியே இடது, நடு, வலது என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும். அப்புறம் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் டேப் பிடியுங்கள். இரண்டும் ஒன்றாக வராவிட்டால் திறப்பு கோணலாக இருக்கிறது என்று அர்த்தம். பூச்சைச் சரிசெய்துவிட்டு மறுபடி அளப்பதே நல்லது. பக்கத்துக்கு ஐந்து மில்லிமீட்டர் போல இடைவெளி விடுவார்கள். அதை நீங்களும் கழித்து, கடைக்காரரும் கழித்தால் ஜன்னல் லொடலொடவென்று நிற்கும். கொடுப்பது திறப்பின் அளவா, ஜன்னலின் அளவா என்று தாளிலேயே எழுதிவிடுங்கள்.

அளவு மொழியிலும் வம்பு உண்டு. நம் ஆசாரிகளுக்கு அங்குலமும் நூலும்தான் கணக்கு. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். தொழிற்சாலையில் எல்லாம் மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 25 என்று மனக்கணக்குப் போட்டால் 48 அங்குலம் 1200 ஆகிவிடும். உண்மையில் அது 1219. தொடக்கத்திலேயே மில்லிமீட்டரில் அளந்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. முதலில் அகலம், பிறகு உயரம் என்று பெயரிட்டே எழுதுங்கள். கதவு இடப்பக்கம் திறக்குமா வலப்பக்கமா என்று குறிக்கும்போது ‘உள்ளே நின்று பார்க்க’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய மரச்சட்டத்தை என்ன செய்வது என்பதை அளப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். அதை விட்டுவிட்டு உள்ளே புது ஜன்னலைப் பொருத்தினால் உடைப்பு வேலை குறையும், ஆனால் நாலு பக்கமும் திறப்பு சுருங்கிவிடும். சட்டத்தில் கரையான் இருந்தால் அந்தப் பேச்சே வேண்டாம். பிடுங்குவதென்றால், சுவருக்குள் பதிந்த கிளாம்போடு பூச்சும் பெயர்ந்து வரும். ஆகவே பிடுங்கி, பூசி, காய்ந்த பிறகே கடைசி அளவு. சமையலறையில் டைல்ஸ் ஒட்டப் போகிறீர்கள் என்றால் அதற்கும் பிறகு. இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: பழைய ஜன்னல்களில் இரும்புக் கம்பி மரச்சட்டத்துக்குள்தான் கோத்திருக்கும். சட்டம் போனால் கம்பியும் போகும். புது கிரில்லுக்கு முதலிலேயே சொல்லி வைக்காவிட்டால் நாலு நாள் வீடு திறந்து கிடக்கும்.

சரி, எந்த வகை ஜன்னல்? ஸ்லைடிங் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு கண்ணாடிக் கதவு உள்ள ஸ்லைடிங்கில் பாதிதான் திறக்கும். முழுவதும் திறந்து காற்று வாங்கிய நாலடி ஜன்னல் இனி இரண்டடிக் காற்றுதான் தரும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் இது சின்ன விஷயமில்லை. படுக்கையறைக்கு வெளிப்பக்கம் திறக்கும் கதவு வகையைத்தான் நான் சொல்வேன். கிரில் எந்தப் பக்கம், கொசுவலை எந்தப் பக்கம், கை உள்ளே போய்க் கொண்டியைத் தொட முடியுமா என்பதைப் படம் போட்டுப் பார்த்துவிடுங்கள். உட்பக்கம் திறக்கும் கதவு பாத்திரம் கழுவும் குழாயில் இடிப்பதை ஒரு வீட்டில் பார்த்திருக்கிறேன்.

ஆர்டர் கொடுக்கும்போது சதுர அடி விலையை மட்டும் ஒப்பிடாதீர்கள். சில இடங்களில் 3 அடி 7 அங்குலத்தை 4 அடி என்று ஏற்றிக் கணக்கிடுவார்கள். உயரம் 4 அடி என்றால் 14.3 சதுர அடிக்குப் பதில் 16 சதுர அடிக்குக் காசு போகும். கண்ணாடியின் கனம், பிளாஸ்டிக் சட்டத்துக்குள் இரும்பு உண்டா, பழையதைப் பிடுங்கும் கூலி, பொருத்தும் கூலி, ஜிஎஸ்டி எல்லாம் மதிப்பீட்டுத் தாளில் தனித்தனியாக இருக்கட்டும். கடைசி அளவைக் கடைக்காரர் ஆளே வந்து எடுத்து, அளவு எழுதிய படத்தில் கையெழுத்துப் போடட்டும். நீங்கள் அளந்து கொடுத்தால் பிழையும் உங்கள் தலையில்தான்.

ஜன்னல் ஒழுகுகிறதா என்று பார்க்க, ஐப்பசி மழை வரும்வரை மீதிப் பணத்தை நிறுத்தி வைக்க முடியாது. அதனால் ஒரு செம்புத் தண்ணீரைக் கீழ்த்தடத்தில் ஊற்றிப் பாருங்கள். வெளிப்பக்கம் உள்ள சின்னத் துளைகள் வழியே அது வடிந்துவிட வேண்டும். தேங்கி நின்றாலோ வீட்டுக்குள் வழிந்தாலோ, துளையின் மேல் சிலிக்கான் பூசியிருக்கிறார்களா என்று குனிந்து பாருங்கள். ஆட்கள் ஏணியோடு இருக்கும்போதே சொன்னால் அஞ்சு நிமிட வேலை.