லினக்ஸில் விண்டோஸ் கேம்: 3440×1440 அல்ட்ராவைட் திரையை ஓரம் முதல் ஓரம் வரை நிரப்புவது எப்படி?

34 அங்குல அல்ட்ராவைட் மானிட்டரில் கேமைத் திறக்கிறீர்கள். படம் நடுவில் 2560 பிக்சல் அகலத்துக்கு மட்டும் வருகிறது. இடப்பக்கம் 440, வலப்பக்கம் 440 பிக்சல் கறுப்பு. அளந்து பார்த்தால் பக்கத்துக்குச் சுமார் 10 சென்டிமீட்டர். விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓடவைப்பது புரோட்டான் என்ற மென்பொருள். புதிதாக லினக்ஸுக்கு வந்தவர்கள் இதைப் பார்த்ததும் "புரோட்டான் சரியில்லை" என்று முடிவு கட்டி, ஒவ்வொரு புரோட்டான் பதிப்பாக மாற்றிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் கோளாறு அங்கே இருக்காது.

அகலம் என்கிற தகவல் மூன்று கை மாறி வருகிறது. மானிட்டர் டெஸ்க்டாப்புக்குச் சொல்கிறது, டெஸ்க்டாப் புரோட்டானுக்குச் சொல்கிறது, புரோட்டான் கேமுக்குச் சொல்கிறது. எந்தக் கையில் 3440 தொலைந்தது என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தால் நேரம் வீணாகாது. கீழே உள்ள படிகளும் அதே வரிசையில்தான் இருக்கின்றன. கேடிஇ பிளாஸ்மா 6 டெஸ்க்டாப், திரையில் படம் காட்டும் வேலண்ட் முறை, ஸ்டீம் கேம் கடை ஆகியவற்றை அடிப்படையாக வைத்துச் சொல்கிறோம். க்னோம் டெஸ்க்டாப்பில் மாறுபடும் இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறோம்.

படி 1: கேபிள்

டிஸ்ப்ளேபோர்ட் கேபிளையே பயன்படுத்துங்கள். ஏஎம்டி கார்டு வைத்திருப்பவர்களுக்கு இது கட்டாயம் என்றே சொல்லலாம். ஏஎம்டியின் திறமூல டிரைவரில் எச்டிஎம்ஐ 2.1 வசதியைச் சேர்க்கும் முயற்சியை எச்டிஎம்ஐ ஃபோரம் 2024 பிப்ரவரியில் நிராகரித்தது. எச்டிஎம்ஐ 2.0 வேகத்தில் 3440×1440 ரெசல்யூஷன் 100 ஹெர்ட்ஸ் அருகே நின்றுவிடும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிவிட்டு, பட்டியலில் 100 மட்டும் தெரிகிறதே என்று குழம்புபவர்களில் பலருக்குக் காரணம் இதுதான். டிஸ்ப்ளேபோர்ட் 1.4-இல் 144 ஹெர்ட்ஸ் தாராளமாக வரும். என்விடியாவின் சொந்த டிரைவரில் எச்டிஎம்ஐ 2.1 வேலை செய்யும்.

என்விடியா கார்டாக இருந்தால் டிரைவர் 555 அல்லது அதற்குப் பிந்தையதா என்று பாருங்கள். வேலண்டில் கேம் படம் முன்னும் பின்னுமாகத் துள்ளும் தொல்லைக்கு அந்தப் பதிப்பில்தான் தீர்வு வந்தது.

படி 2: டெஸ்க்டாப் அமைப்பு

இங்கேதான் நிறைய பேர் வழுக்குகிறார்கள். சற்று நிதானமாகப் பாருங்கள்.

சிஸ்டம் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பக்கத்தைத் திறந்து, ரெசல்யூஷன் 3440×1440, ரெஃப்ரெஷ் ரேட் உங்கள் மானிட்டரின் உச்ச அளவு என்று வையுங்கள். பிறகு ஸ்கேல் என்ற இடத்தைப் பாருங்கள். எழுத்து சிறிதாகத் தெரிகிறதே என்று 125% வைத்திருப்பீர்கள். விண்டோஸ் கேம்கள் வேலண்டில் எக்ஸ்வேலண்ட் என்ற இடைத்தரகர் வழியாகவே பொதுவாக ஓடும். ஸ்கேலிங்கை டெஸ்க்டாப்பே செய்துகொள்ளும் அமைப்பில் அந்த இடைத்தரகர் கேமிடம் காட்டுவது 3440÷1.25, அதாவது 2752×1152. கேமின் பட்டியலில் 2752×1152 என்று ஒரு விசித்திரமான எண்ணைப் பார்த்தால், குற்றவாளி ஸ்கேலிங்தான். வேறெங்கும் தேட வேண்டாம்.

கேடிஇயில் அதே பக்கத்தில் எக்ஸ்11 என்ற பழைய திரை முறையைச் சார்ந்த செயலிகளுக்கென்று ஒரு தேர்வு இருக்கும். "செயலிகளே ஸ்கேல் செய்துகொள்ளட்டும்" என்ற பொருள்படும் தேர்வை வையுங்கள். க்னோமில் சுலபமான வழி, ஸ்கேலை 100% ஆக்கிவிட்டு எழுத்தின் அளவை மட்டும் ட்வீக்ஸ் செயலியில் பெரிதாக்குவது.

பக்கத்தில் இன்னொரு 1920×1080 மானிட்டர் இருக்கிறதா? அல்ட்ராவைடை முதன்மைத் திரையாகக் குறியுங்கள். பல கேம்கள் முதன்மைத் திரையை மட்டுமே கேட்டுத் தெரிந்துகொள்ளும். அது 1080 திரையாக இருந்தால் பட்டியல் 1920×1080-உடன் முடிந்துவிடும்.

கேமின் ஃபிரேம் வேகத்துக்கேற்ப மானிட்டரின் ரெஃப்ரெஷ் ரேட்டை மாற்றும் அடாப்டிவ் சிங்க்கை ஆட்டோமேட்டிக்கில் விடுங்கள். விஏ பேனல் அல்ட்ராவைடுகள் சிலவற்றில், கேம் லோடாகும்போது ஃபிரேம் எண்ணிக்கை ஏறி இறங்குவதால் திரை மினுக்கும். இது லினக்ஸின் கோளாறு அன்று; விண்டோஸிலும் அப்படித்தான். கண்ணை உறுத்தினால் அணைத்துவிடலாம்.

படி 3: ஸ்டீமும் புரோட்டானும்

உபுண்டுவில் ஸ்னாப் என்ற தொகுப்பு முறையில் வரும் ஸ்டீம் வேண்டாம். ஸ்டீம் தளத்திலுள்ள டெப் கோப்பை நிறுவுங்கள். ஃபெடோராவில் ஆர்பிஎம் ஃப்யூஷனிலிருந்து எடுங்கள். இப்படி நிறுவினால் பழைய கேம்களுக்கு வேண்டிய 32-பிட் லைப்ரரிகளும் சேர்ந்தே வரும். அவை இல்லையென்றால் கேம் எந்தச் செய்தியும் காட்டாமல் மூடிக்கொள்ளும்.

இப்போதைய ஸ்டீமில் எல்லாக் கேம்களுக்கும் ஸ்டீம் ப்ளே தானாகவே இயங்கும்; பழைய பதிப்பானால் செட்டிங்ஸில் கம்பேட்டிபிலிட்டி பகுதிக்குப் போய் அது இயங்குகிறதா என்று பாருங்கள். புரோட்டானை வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் வெளியிட்டது. விண்டோஸ் செயலிகளை லினக்ஸில் ஓட்டும் வைன், விண்டோஸ் கேம்கள் படம் வரையப் பயன்படுத்தும் டைரக்ட்எக்ஸ் 8 முதல் 11 வரையிலான அழைப்புகளை லினக்ஸிலும் இயங்கும் வல்கன் முறைக்கு மாற்றும் டிஎக்ஸ்விகே, டைரக்ட்எக்ஸ் 12-க்கான விகேடி3டி-புரோட்டான் ஆகியவை சேர்ந்த ஒரு மூட்டை அது. புரோட்டான் 8 முதல் கார்டுக்கு வல்கன் 1.3 தேவை. என்விடியாவின் பழைய கெப்ளர் தலைமுறைக் கார்டுகளின் டிரைவர் அதைத் தராது. அந்தக் கார்டு வைத்திருப்பவர்கள் புரோட்டான் 7-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கேமை விண்டோஸ் பார்ட்டிஷனிலேயே வைத்து ஓட்ட முயலாதீர்கள். புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு போலி சி டிரைவை உருவாக்குகிறது. அதில் பெயரிலேயே முக்காற்புள்ளி உள்ள இணைப்புக் கோப்புகள் உண்டு. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் விதிப்படி அந்தக் குறி கோப்புப் பெயரில் வரக்கூடாது. எக்ஸ்ட்4 அல்லது பிடிஆர்எஃப்எஸ் என்ற லினக்ஸ் கோப்பு முறையில் அமைந்த டிரைவில் புதிதாக ஒரு ஸ்டீம் லைப்ரரி உருவாக்கி, கேமை அங்கே நகர்த்துங்கள்.

இறக்குவதற்கு முன், எந்தக் கேம் லினக்ஸில் எப்படி ஓடுகிறது என்று பயனர்கள் எழுதும் புரோட்டான்டிபி தளத்தில் கேமின் பெயரைத் தேடிப் பாருங்கள். வேலரன்ட், ஃபோர்ட்நைட், ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் போன்றவை ஆன்டி-சீட் (ஏமாற்று விளையாட்டைத் தடுக்கும் மென்பொருள்) காரணமாக லினக்ஸில் ஓடாது. எந்த அமைப்பும் இதை மாற்றாது. வால்வின் கையடக்கக் கேம் கருவியான ஸ்டீம் டெக்கில் ஓடும் என்று சொல்லும் ஸ்டீம் டெக் வெரிஃபைட் என்ற பச்சைக் குறி நம்மைப் பொறுத்தவரை பாதிச் செய்திதான். டெக்கின் திரை 1280×800. கேம் ஓடும் என்பதற்கு அந்தக் குறி சாட்சி. அல்ட்ராவைடில் எப்படித் தெரியும் என்பதற்கு இல்லை.

படி 4: கேமுக்குள் ரெசல்யூஷனும் எஃப்ஓவியும்

முதல் முறை திறக்கும்போது வல்கன் ஷேடர் (காட்சியை வரையும் சிறு நிரல்கள்) தயாரிப்பு ஓடும். தாண்டிப் போகாமல் முடியவிடுங்கள். தாண்டினால் விளையாடும்போது திக்கும். பிறகு வீடியோ செட்டிங்ஸில் முதலில் பார்டர்லெஸ், அப்புறம் 3440×1440. இந்த வரிசை முக்கியம். விண்டோ முறையை மாற்றும்போது ரெசல்யூஷனைப் பழைய அளவுக்குத் திருப்பிவிடும் கேம்கள் உண்டு.

படம் நிறைந்துவிட்டதா? இன்னும் வேலை முடியவில்லை. கதாபாத்திரம் திடீரென்று அருகே வந்ததுபோல, தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் வெட்டுப்பட்டதுபோலத் தெரிகிறதா என்று பாருங்கள். கணக்கு இதுதான்: 16:9 திரையில் கிடைமட்ட எஃப்ஓவி (கேம் காட்டும் பார்வைக் கோணம்) 90 டிகிரி என்றால் செங்குத்தாக ஏறத்தாழ 59 டிகிரி தெரியும். நல்ல கேம் அந்த 59-ஐ அப்படியே காத்து, கிடைமட்டத்தை 107 ஆக விரிக்கும். பக்கவாட்டில் கூடுதல் காட்சி கிடைக்கும். மோசமான கேம் 90-ஐப் பிடித்துக்கொண்டு செங்குத்தை 45-க்குக் குறைத்துவிடும். அகலத் திரை வாங்கியும் குறைவாகப் பார்ப்பதாகிவிடும். எஃப்ஓவி ஸ்லைடர் இருந்தால் 90-ஐ 107 ஆக்குங்கள். ஸ்லைடர் செங்குத்து அளவைக் காட்டுகிறது என்றால் தொடவே வேண்டாம்.

பிக்சல் கணக்கையும் மனதில் வையுங்கள். 2560×1440-ஐவிட இங்கே 34% அதிகப் பிக்சல்கள். கார்டு திணறினால் ரெசல்யூஷனைக் குறைக்காமல், கேமுக்குள் எஃப்எஸ்ஆர் (சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும் வசதி) குவாலிட்டியை வையுங்கள். எழுத்தும் மெனுவும் கூர்மையாகவே இருக்கும்.

படி 5: பட்டியலில் 3440 இல்லையென்றால்

முதல் இரண்டு படிகளும் சரியாக இருந்தும் பட்டியலில் வரவில்லை என்றால், கேமின் செட்டிங்ஸ் கோப்பில் நாமே எழுதலாம். விண்டோஸில் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கும் கோப்பு, லினக்ஸில் அந்தப் போலி சி டிரைவுக்குள் இருக்கும். ஸ்டீமில் கேமின் மேல் வலது கிளிக் செய்து, கேம் கோப்புகளைத் திறக்கச் சொல்லுங்கள். அங்கிருந்து இரண்டு ஃபோல்டர் மேலே ஏறினால் ஸ்டீம்ஆப்ஸ் வரும். அதற்குள் காம்பேட்டேட்டா, அதற்குள் எண்களாகவே பெயர் கொண்ட ஃபோல்டர்கள். ஸ்டீம் கடையில் கேமின் முகவரியில் வரும் எண்தான் அது. விட்சர் 3-க்கு 292030, எல்டன் ரிங்குக்கு 1245620. உள்ளே பிஎஃப்எக்ஸ், டிரைவ்_சி, யூசர்ஸ், ஸ்டீம்யூசர் என்று இறங்கினால் டாக்குமெண்ட்ஸ்.

விட்சர் 3-ஐ எடுத்துக்கொள்வோம். டைரக்ட்எக்ஸ் 11-க்கும் 12-க்கும் தனித்தனி செட்டிங்ஸ் கோப்புகள். 12-க்கான கோப்பின் பெயர் டிஎக்ஸ்12 என்று தொடங்கும். ஒன்றில் மாற்றிவிட்டு மற்றொன்றில் கேமைத் திறந்து "மாறவில்லையே" என்பது அடிக்கடி நடக்கும் தவறு. கோப்பில் ரெசல்யூஷன் என்ற வரியில் பழைய எண்களை எடுத்துவிட்டு 3440-ஐயும் 1440-ஐயும் எழுதுங்கள். நடுவில் பெருக்கல் குறி கூடாது. ஆங்கிலச் சிறிய எக்ஸ் எழுத்துதான் வர வேண்டும். கேம் மூடியிருக்கும்போது மட்டும் திருத்துங்கள். திறந்திருந்தால் மூடும்போது உங்கள் திருத்தத்தின்மேல் பழையதை எழுதிவிடும்.

படி 6: கேமே மறுத்தால், திருத்தக் கோப்பு

எல்டன் ரிங் போன்றவை அல்ட்ராவைடைத் தெரிந்தே மறுப்பவை. இவற்றுக்கு ஆர்வலர்கள் எழுதிய அல்ட்ராவைட் ஃபிக்ஸ்கள் உண்டு. அவற்றில் பல, டிஇன்புட்8 அல்லது டிஎக்ஸ்ஜிஐ என்ற பெயரில் ஒரு டிஎல்எல் (விண்டோஸ் லைப்ரரி) கோப்பாக வரும். கேமின் ஃபோல்டரில் போட வேண்டும். விண்டோஸில் அவ்வளவுதான் வேலை. லினக்ஸில் கோப்பைப் போட்டும் ஒன்றும் நடக்காது. ஏனென்றால் அதே பெயரில் வைனுக்குச் சொந்தமாக ஒரு டிஎல்எல் உண்டு. உங்களுடையதைப் பார்க்காமல் அதையே எடுத்துக்கொள்கிறது. வெளியாளை முதலில் எடு என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

புரோட்டான்ட்ரிக்ஸ் என்ற செயலியை நிறுவுங்கள். அதில் கேமைத் தேர்ந்தெடுத்து, இயல்பான ப்ரிஃபிக்ஸ் (போலி சி டிரைவ் உள்ள இடம்), பிறகு வைன்கான்ஃபிக் என்று போனால் விண்டோஸ் பாணியில் ஒரு சிறு பெட்டி திறக்கும். லைப்ரரீஸ் தாவலில் டிஎல்எல்-இன் பெயரை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து ஆட் அழுத்துங்கள். கீழே பெயருக்குப் பக்கத்தில் நேட்டிவ் முதலில், பில்ட்-இன் அடுத்து என்று வந்தால் சரி. ஓகே கொடுத்துக் கேமைத் திறங்கள். இத்தகைய ஃபிக்ஸ்கள் பெரும்பாலும் கேம் ஃபோல்டரில் ஒரு லாக் கோப்பு எழுதும். அது உருவாகவே இல்லையென்றால் டிஎல்எல் இன்னும் ஏறவில்லை. பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா பாருங்கள். லாக் இருந்தும் பட்டை போகவில்லை என்றால், கேம் அப்டேட்டாகி ஃபிக்ஸ் பழசாகியிருக்கும்.

ஒன்றை மறக்காதீர்கள்: ஆன்டி-சீட் உள்ள கேமில் இதோடு ஆன்லைன் போகாதீர்கள், கணக்கையே முடக்கிவிடுவார்கள். எல்டன் ரிங்கில் ஆன்டி-சீட்டை அணைத்து ஆஃப்லைனில் மட்டும் விளையாட வேண்டும்.

படி 7: கேம்ஸ்கோப்

மவுஸ் பக்கத்துத் திரைக்கு ஓடிப்போவது, படம் அகலவாக்கில் இழுபட்டு எல்லோரும் குண்டாகத் தெரிவது ஆகிய இரண்டுக்கும் கேம்ஸ்கோப் நல்ல மருந்து. கேமைத் தனி அறைக்குள் பூட்டி, நாம் சொல்லும் அளவை மட்டும் காட்டுகிறது. நிறுவிவிட்டு, கேமின் ப்ராப்பர்ட்டீஸில் லான்ச் ஆப்ஷன்ஸ் பெட்டியில் ஆங்கிலத்தில் இந்த வரிசையில் எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் இடையே ஓர் இடைவெளி விட்டு: கேம்ஸ்கோப், சிறுகோடும் ஒட்டினாற்போல் பெரிய டபிள்யூவும், 3440, சிறுகோடும் பெரிய எச்-உம், 1440, சிறுகோடும் சிறிய எஃப்-உம், இரண்டு சிறுகோடுகள், கடைசியில் இரு சதவீதக் குறிகளுக்கு நடுவே கமாண்ட் என்ற சொல்.

பெரிய எழுத்து வெளித் திரையின் அளவு, சிறிய எழுத்து கேமுக்குக் காட்டும் அளவு. 16:9 தவிர வேறெதையும் அறியாத பழைய கேமுக்குச் சிறிய டபிள்யூ 2560, சிறிய எச் 1440 என்பதையும் இரண்டு சிறுகோடுகளுக்கு முன்னால் சேருங்கள். படம் இழுபடாமல் நடுவில் சீராக நிற்கும். அப்படிப்பட்ட கேமுக்குக் கறுப்புப் பட்டையே மேல். ஃபிளாட்பேக் என்ற தனிப்பெட்டித் தொகுப்பு முறையில் ஸ்டீமை நிறுவியிருந்தால் கேம்ஸ்கோப்பையும் ஃபிளாட்பேக்காகவே நிறுவ வேண்டும். வெளியே உள்ளதை அது பார்க்காது.

வேறு சில தொல்லைகள்

கட்-சீனில் மட்டும் பட்டை வந்தால், அது முன்பே பதிவான 16:9 வீடியோ. விட்டுவிடுங்கள். வீடியோவுக்குப் பதில் பல வண்ணக் கோடுகள் கொண்ட டெஸ்ட் அட்டை வந்தால், அந்த வீடியோவைப் புரோட்டானால் காட்ட முடியவில்லை என்று பொருள். புரோட்டான்அப்-க்யூடி செயலி மூலம் ஆர்வலர்கள் உருவாக்கும் ஜிஇ-புரோட்டான் என்ற பதிப்பை இறக்கி, ஸ்டீமை மூடித் திறந்து, அந்தக் கேமுக்கு மட்டும் அதைத் தேர்ந்தெடுங்கள்.

எல்லாம் குழம்பிப் போனால் காம்பேட்டேட்டாவில் அந்தக் கேமின் எண் ஃபோல்டரை அழித்துப் புதிதாகத் தொடங்கலாம். கேமை மறுபடி இறக்க வேண்டியிருக்காது. ஆனால் கிளவுட் சேவ் இல்லாத கேமின் சேவ் கோப்புகள் பல நேரம் அதே ஃபோல்டருக்குள்தான் இருக்கும். ஸ்டீம்யூசர் ஃபோல்டரை வேறிடத்தில் பிரதி எடுத்துவிட்டு அழியுங்கள்.